மாரத்தானுக்குப் பிறகு நான்கு வாரம்

1982 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். ஏப்ரல் மாதத்துக்கு அந்த ஊரில் வழக்கமில்லாத வெயில். 23 வயது ஆல்பெர்டோ சலசார் அதற்கு முன் இரண்டு முறை நியூயார்க் மாரத்தானை வென்றவர். அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டே ஓடியவர் மினசோட்டாவைச் சேர்ந்த டிக் பியர்ட்ஸ்லி. சலசார் 2 மணி 8 நிமிடம் 52 விநாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டார். பியர்ட்ஸ்லி இரண்டே விநாடி பின்னால் வந்தார். வழியில் தண்ணீரே சரியாகக் குடிக்காத சலசாரை முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். அவர் உடம்பில் ஆறு லிட்டர் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பந்தயத்தின் வேகத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருந்த வாரங்களையும் பார்க்க வேண்டும். சலசார் பாஸ்டனுக்கு ஒன்பது நாள் முன்புதான் 10,000 மீட்டர் பந்தயம் ஒன்றில் முழுமூச்சாக ஓடியிருந்தார். பாஸ்டன் முடிந்ததும் கோடையில் தடகளத்தில் அமெரிக்க சாதனைகள், இலையுதிர் காலத்தில் மறுபடி நியூயார்க் வெற்றி என்று இடைவெளியில்லாமல் ஓடினார். பியர்ட்ஸ்லி இரண்டே மாதத்தில், ஜூனில், தன் மாநிலத்தின் கிராண்ட்மாஸ் மாரத்தானில் இறங்கி வென்றார். ஆனால் நேரம் 2 மணி 14 நிமிடத்துக்கு மேல். பிறகு குதிகால் நாணில் கோளாறு, அறுவை சிகிச்சை. சலசாரும் அடுத்த ஆண்டிலிருந்து தளரத் தொடங்கி, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 15ஆவதாக வந்தார். பாஸ்டனில் ஓடிய அந்த நேரத்தை இருவரும் அதன்பின் ஒருமுறைகூட எட்டவில்லை. ஒரே ஒரு பந்தயத்தின் மேல் பழியைப் போட முடியாது. பல வருட உழைப்பும் களைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உடம்பு ஆறுவதற்கு முன்பே அதனிடம் மறுபடி வேலை வாங்கினால் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு, உலகத் தரத்து ஓட்டக்காரர்களிலும் இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதே முடிவைச் சிறிய அளவில் ஆயிரக்கணக்கான சாதாரண ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு ஆண்டும் எடுக்கிறார்கள். சென்னையில் ஜனவரியில் மாரத்தான் முடிகிறது. திங்கட்கிழமை மாடிப்படி இறங்கக் கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிலர் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். புதன் அல்லது வியாழனுக்குள் அந்த வலி குறைகிறது. சனிக்கிழமை கால் லேசாகிவிட்டது. அன்று மாலை ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: “நாளைக்கு ஈஸி 16 கி.மீ., யாரெல்லாம் வர்றீங்க?” வலிதான் இல்லையே, போகலாம் என்று தோன்றுகிறது.

அந்தச் செய்திக்குப் பதில் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வலி அடங்குவதும் திசு ஆறுவதும் வேறுவேறு வேகத்தில் நடக்கின்றன. வலி நான்கைந்து நாளில் போய்விடும். தசை, நாண், எலும்பு மூன்றும் சீராவதற்கு வாரங்கள் பிடிக்கும். நகர முடியாத முதல் மூன்று நாளில் யாரும் தப்பு செய்வதில்லை. வலி விட்டுப்போன இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

தசைக்குள் என்ன நடக்கிறது?

மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்குள் ஒருவர் முப்பது, நாற்பது ஆயிரம் காலடி எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு முறை பாதம் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. அப்போது முழங்கால் சற்றே மடங்குகிறது. மடங்கும் காலைத் தாங்க தொடையின் முன்தசை சுருங்க முயல்கிறது. ஆனால் எடை அழுத்துவதால் சுருங்கிக்கொண்டே நீள்கிறது. சுருங்கும் முயற்சியும் நீளும் கட்டாயமும் ஒன்றாகச் சேரும் இந்த வகை இயக்கம்தான் தசையை அதிகம் சேதப்படுத்துகிறது. இறக்கத்தில் ஓடும்போது இது இன்னும் கூடும். பாஸ்டன் மாரத்தான் பாதை தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் ஏறக்குறைய 140 மீட்டர் கீழே இறங்குகிறது. மேடு ஏறுவதைவிட அந்த இறக்கங்கள்தான் அங்கே பலருடைய தொடையைப் பதம் பார்க்கின்றன. மறுநாள் படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பதற்கும் காரணம் இதே இயக்கம்தான்.

தசை நார் ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இழுத்துச் சுருங்கும் அலகுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். இரண்டு அலகுகளைப் பிரிக்கும் இடத்தில் நேரான கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். அதற்கு இஸட் கோடு என்று பெயர். பழக்கமில்லாத கடும் வேலைக்குப் பிறகு எடுத்த தசைத் துணுக்குகளில் இந்தக் கோடுகள் நெளிந்து, சில இடங்களில் அறுந்து, பக்கத்து அலகின்மேல் கலைந்து கிடப்பதை 1980களின் தொடக்கத்திலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். நாரைச் சுற்றியுள்ள சவ்வும் கிழிவதால், உள்ளே இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசிகிறது. சாதாரணமாக லிட்டருக்கு 200 அலகுக்குள் இருக்கும் அந்த அளவு, மாரத்தானுக்கு மறுநாள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும்.

இந்த வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஓட்டத்தின்போது சேரும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ மறுநாள்தான் தலை தூக்கி, இரண்டாம் நாளில் உச்சம் தொடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902இலேயே இந்தத் தாமத வலி தசைக்குள் ஏற்படும் கிழிசலால் வருவது என்று எழுதிவிட்டார். இன்றைய விளக்கமும் அதையொட்டியே போகிறது. கிழிந்த இடத்துக்கு நோய் எதிர்ப்பு செல்கள் வந்து குப்பையை அகற்றுகின்றன. அப்போது உண்டாகும் வீக்கமும் ரசாயனங்களும் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. கால் வலிப்பது அதனால்தான். துப்புரவு முடிந்ததும் வலி நின்றுவிடுகிறது. கட்டுமான வேலை அதற்குப் பிறகும் தொடர்கிறது.

அந்தக் கட்டுமானம் எவ்வளவு நாள் நடக்கிறது? 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாரத்தான் ஓடியவர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து பல கட்டங்களில் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பந்தயம் முடிந்த உடனேயும் அதற்கடுத்த நாட்களிலும் சேதம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று, நான்கு வாரத்தில் பழுது பார்ப்பு பெருமளவு நடந்திருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த துணுக்குகளிலும் நார்கள் புதிதாக உருவாகும் அடையாளங்கள் இருந்தன. தசை நாரின் ஓரத்தில் தூங்கிக் கிடக்கும் துணைச் செல்கள் விழித்துப் பெருகி, பழைய நாரோடு இணைந்து அதைச் சீராக்குகின்றன. அந்த வேலை நடந்துகொண்டிருந்ததன் தடயம்தான் அது. அந்தக் கால்களில் வலி நின்று எத்தனையோ வாரம் ஆகியிருக்கும்.

வீடு கட்டுபவர்களுக்கு இது புரியும். தளம் போட்ட மறுநாளே கான்கிரீட் காலுக்குக் கெட்டியாகத்தான் படும். ஆனாலும் மேஸ்திரி நாள் தவறாமல் தண்ணீர் விடச் சொல்வார், தளத்தைத் தாங்கும் முட்டுகளை எடுக்க விடமாட்டார். முழு பலம் 28ஆம் நாளில்தான் கணக்கு.

கால் ஏமாற்றும் விதம்

பின்லாந்தின் யுவஸ்கூலா பல்கலைக்கழகத்தில் பாவோ கோமியும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்த ஏமாற்றத்தை அளந்து காட்டினார்கள். நீண்ட ஓட்டம் முடிந்ததும் காலின் தள்ளுவிசை சட்டென்று விழுகிறது. சில மணி நேரத்தில் ஓரளவு மீள்கிறது. பிறகு, அழற்சி உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாளையொட்டி மறுபடி விழுகிறது. அதன்பின் மெல்ல மெல்ல ஏறுகிறது. தரையில் பட்டதும் நீண்டு, உடனே எகிறித் தள்ளும் தசையின் இயல்பும், அதை இயக்கும் அனிச்சை நரம்புத் தூண்டலும் இந்த நாட்களில் மங்கியிருக்கின்றன.

இதனால் ஓட்டத்தின் பாணி மாறுகிறது. தொடை தாங்க வேண்டிய அதிர்ச்சியைக் கெண்டைக்காலும் குதிகால் நாணும் தாங்குகின்றன. ஒரு கால் தளர்ந்திருந்தால் மறுகால் கூடுதல் பாரம் ஏற்கிறது. ஓடுபவருக்கு இது தெரிவதே இல்லை. மாரத்தானில் தொடை வலித்தவர் மூன்று வாரம் கழித்துக் குதிகால் வலியோடோ முழங்கால் வலியோடோ டாக்டரிடம் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எரிபொருள் கணக்கும் இதையேதான் சொல்கிறது. தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் மாரத்தானில் பெருமளவு தீர்ந்துபோகிறது. சேதமில்லாத தசையில் நன்றாகச் சாப்பிட்டால் ஒரு நாளுக்குள் அது நிரம்பிவிடும். சேதமான தசையிலோ குளுக்கோஸை உள்ளே கொண்டு செல்லும் புரதமே குறைந்திருக்கிறது. எனவே வயிறு நிறையச் சோறு சாப்பிட்டாலும் இரண்டு நாள் கழித்தும் இருப்பு பழைய அளவுக்கு வராது, ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். மாரத்தானுக்கு நான்காம் நாள் ஓடப் போனால் மூன்றாம் கிலோமீட்டரிலேயே கால் கனப்பது சோம்பலால் அல்ல.

நாணும் எலும்பும்

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் சீக்கிரம் ஆறும். நாணுக்கு ரத்தம் குறைவு. கடும் வேலைக்குப் பிறகு நாணில் கொலாஜன் சிதைவும் புதுக் கொலாஜன் உற்பத்தியும் ஒன்றாகவே தொடங்குகின்றன. ஆனால் முதல் ஒன்றரை நாளில் சிதைவின் கைதான் ஓங்கியிருக்கும். அதன்பிறகுதான் லாபக் கணக்கு தொடங்குகிறது. அந்த இடைவெளியிலேயே மறுபடி மறுபடி பாரம் ஏற்றினால் கணக்கு எப்போதும் நஷ்டத்திலேயே நிற்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் இறுகிப்போய் வலிப்பது அதன் முதல் எச்சரிக்கை.

எலும்பு இன்னும் நிதானமானது. நுண்விரிசல் விழுந்த இடத்தை முதலில் எலும்பரிக்கும் செல்கள் வந்து குடைந்து எடுக்கின்றன. இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். பிறகு எலும்பு கட்டும் செல்கள் அந்தக் குழியை நிரப்புகின்றன. அதற்கு மூன்று மாதம்வரை ஆகலாம். குடைந்தாகிவிட்டது, நிரப்பி முடிக்கவில்லை என்ற அந்தக் கட்டத்தில் எலும்பு வழக்கத்தைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். அப்போது வேகப் பயிற்சியும் நீண்ட ஓட்டமும் சேர்ந்தால், கீழ்க்கால் எலும்பிலோ பாதத்தின் நீள எலும்புகளிலோ ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வரலாம். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புள்ளியில் வலித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. போதுமான அளவு சாப்பிடாமல் ஓடுபவர்களுக்கும் மாதவிடாய் தவறும் பெண் ஓட்டக்காரர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு என்றே தனி அறிக்கை வெளியிட்டது.

இதயமும் சிறுநீரகமும்

2004, 2005 ஆண்டுகளில் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 60 சாதாரண ஓட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இதயத் தசையின் சிரமத்தைக் காட்டும் டிரோபோனின் உயர்ந்திருந்தது. வாரத்துக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டருக்குக் குறைவாகப் பயிற்சி செய்தவர்களிடம் இந்த மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் இது தானாகச் சரியாகிவிடும். 2015இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மாரத்தானில் 22 பேரைப் பரிசோதித்ததில் 82 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகத் திணறியிருந்தது தெரிந்தது. இரண்டு நாளுக்குள் அதுவும் சீரானது. திணறும் சிறுநீரகத்துக்கு மேலும் சுமை ஏற்றும் வலி மருந்துகள்தான் ஐபுப்ரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று பந்தயத்தன்றும் மறுநாளும் அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானுக்குப் பின் டேவிட் நீமன் நடத்திய கணக்கெடுப்பில், ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் என்று சொன்னார்கள். பயிற்சி செய்தும் பந்தயத்தில் ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். நோய் எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே விழுகிறதா, அல்லது கூட்டமும் பயணமும் தூக்கக் குறைவும்தான் காரணமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எது காரணமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த வாரம் நன்றாகத் தூங்குவது.

ஓய்வெடுத்தால் திறமை போய்விடுமா?

பலரைச் சீக்கிரமே சாலைக்கு இழுப்பது இந்தப் பயம்தான். நான்கு மாதம் விடியற்காலை எழுந்து சேர்த்ததெல்லாம் இரண்டு வாரத்தில் கரைந்துவிடுமோ? 1984இல் எட்வர்ட் காய்லும் குழுவினரும் நன்கு பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் மூன்று வாரத்தில் உச்ச ஆக்சிஜன் நுகர்வு சுமார் 7 சதவீதம்தான் குறைந்தது. அதிலும் பெரும்பங்கு ரத்தத்தின் கொள்ளளவு குறைவதால் வருவது. பயிற்சியைத் தொடங்கியதும் அது வேகமாகத் திரும்பிவிடும். குதிகால் நாண் பழுதாகி நான்கு மாதம் உட்கார்ந்தால் இழப்பது இதைவிடப் பல மடங்கு.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு நேரடியாகவே ஒப்பிட்டது. மாரத்தான் முடித்த பத்து பேரில் ஒரு பகுதியினர் ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்தார்கள். மற்றவர்கள் தினமும் 20 முதல் 45 நிமிடம் மெதுவாக ஓடினார்கள். கால்களின் வேலைத்திறன் சீக்கிரம் திரும்பியது ஓய்வெடுத்தவர்களுக்குத்தான். “மெதுவா ஓடினால் கால் சீக்கிரம் சரியாகும்” என்று குழுக்களில் சொல்லும் அறிவுரைக்கு, முதல் வாரத்தைப் பொறுத்தவரை, இது தெளிவான மறுப்பு.

விதிவிலக்கு இல்லையா என்றால், ஜப்பானின் யுகி கவாயுச்சி இருக்கிறார். சைதாமாவில் அரசு ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்குப் பல மாரத்தான்கள் ஓடியவர். 2018 புத்தாண்டு அன்று உறைபனியில் மாசசூசெட்ஸில் ஒரு மாரத்தான் ஓடிவிட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் பாஸ்டனையும் வென்றார். ஆனால் அவர் கால்கள் பல வருடங்களாக அந்தப் பாரத்துக்குப் படிப்படியாகப் பழகியவை. ஒருமுறை சேதம் கண்டு ஆறிய தசை அடுத்த முறை அதே வேலைக்குக் குறைவாகவே சேதமாகும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆண்டுக்கு ஒரு மாரத்தான் ஓடும் அலுவலக ஊழியர் அவரைப் பார்த்து அடுத்த ஞாயிறு ஓடக் கூடாது. மாரத்தானில் உச்சத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு இரண்டு பந்தயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் விளையாட்டில், 41 வயதில், மாரத்தானில் வெள்ளி வென்றவர். ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடும் ஓட்டம் கூடாது என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. மாரத்தானுக்கு 26 நாள். ஆய்வகம் எதுவும் சொல்லாமலே அனுபவத்தில் வந்த அந்த எண், தசைத் துணுக்குகள் காட்டிய மூன்று, நான்கு வாரக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். முதல் நாளிலிருந்தே மெதுவாக நடக்கலாம். மூன்றாம் நாளுக்குப் பின் நீச்சலோ லேசான சைக்கிளோ போதும். தோலில் உராய்வுக் காயமோ கொப்புளமோ இருந்தால் அது ஆறும்வரை நீச்சலையும் தள்ளிப்போடுங்கள். சோறு, இட்லி, பருப்பு, முட்டை, மீன் என்று வயிறாரச் சாப்பிட வேண்டிய வாரம் இது. எடை குறைக்க நினைப்பவர்கள் அதை இன்னொரு மாதத்துக்கு ஒத்திவைக்கலாம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும்.

இரண்டாம் வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் சமதளத்தில் 20 முதல் 30 நிமிடம். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம். மூன்றாம் வாரம் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். வேகப் பயிற்சி, மேடு, இறக்கம் மூன்றும் இன்னும் வேண்டாம். சென்னை ஓட்டக்காரர்கள் மேம்பாலங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் வாரத்தில் பழைய வாராந்திர தூரத்தில் பாதியைத் தாண்டலாம், பந்தயம் மட்டும் கூடாது. முதல் மாரத்தான் ஓடியவர்களும் ஐம்பது வயதைக் கடந்தவர்களும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னொரு வாரம் சேர்த்துக்கொள்வது நல்லது.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். அது வழக்கத்தைவிடத் தெளிவாக உயர்ந்தே இருந்தால் அன்று ஓட வேண்டாம். ஒரு காலில் வலியில்லாமல் பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிறதா, படிகளில் கட்டுப்பாட்டோடு இறங்க முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் தெரிந்தால் இன்னும் சில நாள் காத்திருங்கள். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவே கூடாது.

மனதுக்கும் இந்த நாட்கள் கடினம்தான். மாதக்கணக்கில் இருந்த இலக்கு ஒரே காலையில் முடிந்துபோய், மறுநாள் அலாரம் வைக்க ஒரு காரணமும் இல்லை. அந்த வெறுமையைப் போக்கவே பலர் அதே வாரம் அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். இது பலவீனமல்ல, ஓட்டத்தை நேசிப்பவர்களுக்கு இயல்பாக வருவது. ஆனால் அந்த உணர்வு சொல்வதைக் கேட்டுத் தேதி குறிக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்தும் அதே ஆசை இருந்தால் அப்போது குறிக்கலாம்.

இதில் பயிற்சியாளர்களுக்கும் பந்தயம் நடத்துபவர்களுக்கும் பெரிய பொறுப்பு இருக்கிறது. இன்று கையில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை 16 வாரத்தில், பந்தய நாளோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே வெற்றுத்தாள். அந்த வெற்றிடத்தைத்தான் ஓட்டக்காரர் தன் ஆர்வத்தால் நிரப்புகிறார். அட்டவணையை 20 வாரமாக எழுதுங்கள். 16ஆம் வாரத்தில் பந்தயத்தைப் போடுங்கள். மீதி நான்கு வாரத்தையும், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நாள்வாரியாக அச்சிட்டுக் கொடுங்கள். ஓய்வும் பயிற்சியின் பகுதி என்று எவ்வளவு சொன்னாலும், தாளில் எழுதியிருந்தால்தான் ஓட்டக்காரர் அதைப் பயிற்சியாக மதிப்பார்.